நெப்போலியன் செத்தது விஷத்தாலயா, வயித்தாலயா? – வாசகர் கேள்வி, டாக்டர் பதில்

போன இதழ்ல அல்சர் பத்தின ஒரு பதில்ல, நெப்போலியனுக்கும் கடைசி காலத்துல வயிறுதான் பிரச்சனைன்னு ரெண்டு வரி எழுதிட்டு போயிருந்தேன். அதுக்கு காரைக்கால்லேருந்து கும்பகோணம் வரைக்கும் லெட்டர், வாட்ஸ்அப், வாய்ஸ் மெசேஜ்னு வந்து குவிஞ்சிருக்கு. அதனால இந்த இதழ் முழுக்க அதுக்கே.

கேள்வி: டாக்டர் சார், எங்க தாத்தா பிரெஞ்சு சர்க்கார்ல வேலை பாத்தவர். நெப்போலியனை இங்கிலீஷ்காரன் சாப்பாட்டுல விஷம் வெச்சுத்தான் கொன்னான்னு சின்ன வயசுலேருந்து எங்களுக்கு சொல்லி சொல்லி வளத்தார். இப்ப யூடியூப்லயும் அதேதான் ஓடுது, அவர் தலைமுடில ஆர்சனிக்ங்கற விஷம் இருந்துச்சு, லேப்லயே நிரூபிச்சாச்சுன்னு. நீங்க வயிறுன்னு எழுதிட்டீங்களே, எது நிஜம்?
– வாசகர், காரைக்கால்

பதில்: முடில ஆர்சனிக் இருந்தது நிஜம் சார். அதனால யாரோ விஷம் வெச்சாங்கன்னு சொல்றதுதான் தப்பு.

உங்க தாத்தா அப்படி நம்பினதுல ஆச்சரியமே இல்ல, ஏன்னா அந்த சந்தேகத்தை முதல்ல கிளப்பிவிட்டதே நெப்போலியன்தான். 1815ல வாட்டர்லூ தோல்விக்கு அப்புறம் அவரை அட்லாண்டிக் கடல் நடுவுல இருக்கற செயின்ட் ஹெலினா தீவுல கொண்டுபோய் வெச்சாங்க, லாங்வுட்னு ஒரு ஈரம் புடிச்ச வீடு, சுத்தி காவல், கவர்னர் ஹட்சன் லோவுக்கும் இவருக்கும் ஒருநாளும் ஒத்துப்போகல. சாகறதுக்கு முன்னாடி 1821 ஏப்ரல்ல எழுதின உயில்ல, நான் என் காலம் வர்றதுக்கு முன்னாடியே சாகறேன், இங்கிலீஷ் அதிகாரக் கும்பலும் அவங்க வெச்ச கொலைகாரனும்தான் என்னை கொல்றாங்கன்னு எழுதி வெச்சுட்டார். செத்தது 1821 மே 5 சாயங்காலம், வயசு 51. பேரரசரா இருந்த மனுஷன் தன் கையெழுத்துல அப்படி எழுதி வெச்சுட்டு போனா, பிரெஞ்சு கொடி பறந்த ஊருல எல்லாம் அந்த பேச்சு ஓடத்தானே செய்யும். உங்க ஊரையே எடுத்துக்கங்க, இங்கிலீஷ்காரன் புடிச்சு வெச்சிருந்த காரைக்கால் மறுபடி பிரெஞ்சு கைக்கு வந்தது 1817ல, அப்ப அவர் அந்த தீவுலதான் அடைஞ்சு கிடந்தார்.

ஆர்சனிக் கதை வந்தது ரொம்ப பின்னாடி. ஸ்டென் ஃபோர்ஷுஃப்வுட்னு ஸ்வீடன்ல ஒரு பல் டாக்டர், நெப்போலியனோட அந்தரங்க வேலையாள் மார்ஷான் எழுதி வெச்சிருந்த குறிப்பை படிச்சார், வாந்தி, கால் வீக்கம், தூக்கம் தூக்கமா வர்றது, அப்புறம் தூக்கமே வராம போறது இதெல்லாம் பாத்துட்டு இது ஆர்சனிக் மாதிரி இருக்கேன்னு சந்தேகப்பட்டார். நெப்போலியனோட முடியை நிறைய பேர் ஞாபகார்த்தமா எடுத்து வெச்சிருந்தாங்க, அதுல கொஞ்சம் வாங்கி கிளாஸ்கோ யூனிவர்சிட்டில டெஸ்ட் பண்ண வெச்சார். ஆர்சனிக் நிறைய இருந்துச்சு, 1961ல நேச்சர் பத்திரிகைல வந்துச்சு. அப்புறம் கனடாவுல பென் வைடர்னு ஒருத்தர் இதை கைல எடுத்துக்கிட்டு, கூடவே இருந்த மோந்தோலோன் பிரபுதான் ஒயின்ல கலந்து குடுத்தார்னு வருஷக்கணக்குல பிரச்சாரம் பண்ணினார்.

இங்கதான் நாம நின்னு யோசிக்கணும். ஒரு வயல்ல பயிர் மஞ்சளடிச்சு கிடக்குன்னா பக்கத்து வயலையும் பாத்துட்டுதானே பேசுவோம், சுத்துப்பட்டு பூரா மஞ்சளா இருந்தா அது ஒருத்தன் வந்து மருந்தடிச்சு கெடுத்த வேலையா இருக்காதுல்ல. முடி விஷயத்துல அந்த பக்கத்து வயலை பாக்கறதுக்கு 2008 வரைக்கும் ஆச்சு. இத்தாலி விஞ்ஞானிங்க பாவியா ஊர்ல இருக்கற சின்ன அணு உலைய வெச்சு, நெப்போலியன் கோர்சிகாவுல சின்ன பையனா இருந்தப்ப எடுத்த முடி, எல்பா தீவுல இருந்தப்ப எடுத்த முடி, செத்த அன்னிக்கு எடுத்த முடி, அவர் மகனோட முடி, முதல் மனைவி ஜோசஃபினோட முடி எல்லாத்தையும் ஒண்ணா டெஸ்ட் பண்ணினாங்க. எல்லார் முடிலயும் ஆர்சனிக், இன்னிக்கு நம்ம முடில இருக்கறத விட சுமார் 100 மடங்கு. சின்ன பையனா இருந்தப்பவும் அவ்ளோதான், சாகறப்பவும் கிட்டத்தட்ட அவ்ளோதான். சின்ன வயசுலயே அவருக்கு யாராவது விஷம் வெச்சிருப்பாங்களா? ஜோசஃபினுக்கும்? அந்த காலத்துல பெயிண்ட்ல ஆர்சனிக், எலி மருந்துல ஆர்சனிக், டாக்டர் குடுக்கற டானிக்லயே ஆர்சனிக், ஐரோப்பால எல்லாருமே அதுக்குள்ளதான் வாழ்ந்தாங்க.

இன்னொண்ணு, ரொம்ப நாளா ஆர்சனிக் உள்ள போனா உள்ளங்கை உள்ளங்கால்ல தோல் தடிச்சு முண்டு முண்டா வரும், உடம்புல மழைத்துளி விழுந்த மாதிரி புள்ளி புள்ளியா நிறம் மாறும். மேற்கு வங்காளத்துலயும் பங்களாதேஷ்லயும் போர் தண்ணில ஆர்சனிக் கலந்து பாவம் எத்தனையோ கிராமத்து ஜனங்க இதை இன்னிக்கும் அனுபவிக்கறாங்க. நெப்போலியன் உடம்பை அறுத்து பாத்தவங்க இந்த மாதிரி எதையும் எழுதி வெக்கல.

கேள்வி: சார், லீவுல பிள்ளைங்களை கூட்டிக்கிட்டு மனோரா போனோம். நெப்போலியன் தோத்ததுக்கு நம்ம ராஜா கட்டினதுன்னு அங்க சொன்னாங்க. அப்ப அவர் நல்லாத்தான் இருந்தாரா, எப்ப நோய் வந்துச்சு, என்னன்னு எப்படி கண்டுபுடிச்சாங்கன்னு பெரியவன் விடாம கேக்கறான். எனக்கு பதில் தெரியல.
– வாசகி, பட்டுக்கோட்டை

பதில்: பையன் நல்ல கேள்வி கேட்டிருக்கான்மா, இதை அவனுக்கே படிச்சு காட்டுங்க. மனோரா நம்ம தஞ்சாவூர் சரபோஜி மன்னர் கட்டினது, எட்டு அடுக்கு கோபுரம். மன்னர் இங்கிலீஷ்காரங்களோட நேசத்துல இருந்தவர், அதனால போனபார்ட்டோட வீழ்ச்சிக்குன்னு 1814ன்னு போட்டு கல்லுல பொறிச்சு வெச்சார். கவனிங்க, வாட்டர்லூ 1815ல. அதுக்கு முந்தின வருஷமே நெப்போலியன் ஒரு தடவை பதவி இழந்து எல்பா தீவுக்கு போயிட்டார், அந்த வீழ்ச்சிதான் கல்லுல இருக்கு. அப்ப அவர் உடம்பு நல்லாத்தான் இருந்துச்சு, எல்பாலேருந்து தப்பிச்சு வந்து திரும்ப படை நடத்தற அளவுக்கு தெம்பு.

செயின்ட் ஹெலினா போயி ரெண்டு வருஷத்துல, 1817 வாக்குல, வலது பக்கம் வலி, கால் வீக்கம்னு ஆரம்பிச்சுது. கூட இருந்த ஐரிஷ் டாக்டர் பாரி ஓமியாரா இது கல்லீரல் வீக்கம்னு சொன்னார். அவரை 1818ல வேலைய விட்டு தூக்கிட்டாங்க. அப்புறம் வந்து பாத்த ஜான் ஸ்டோகோவும் கல்லீரல்னுதான் எழுதினார், அவரை ராணுவ கோர்ட்ல நிறுத்தினாங்க. ஏன்னா கல்லீரல்னு சொன்னா தீவோட தட்பவெப்பம்தான் காரணம்னு ஆகும், அப்புறம் அங்க கொண்டுபோய் வெச்ச அரசாங்கம்தான் குத்தவாளி. ஒரு நோய்க்கு பேர் வெக்கறதுல கூட அரசியல் புகுந்தா நோயாளி கதி என்ன ஆகும்னு நினைச்சா எனக்கு இப்பவும் மனசு கஷ்டமா இருக்கு.

1820 கடைசிலேருந்து வேகமா இறங்கிட்டார். சாப்பாடு தங்கல, வாந்தி, கத்தியால குத்தற மாதிரி வயித்துவலி, உடம்பு மெலிஞ்சுது. அவருக்கே தெரிஞ்சிருக்கு. அவங்க அப்பா கார்லோ 1785ல மோன்பெல்லியேல வயித்து நோயால செத்தார், 40 வயசு கூட ஆகல, உடம்பை அறுத்து பாத்ததுல இரைப்பைலதான் கட்டின்னு சொல்லியிருந்தாங்க. அதனால நெப்போலியன் தன் டாக்டர் அந்தோம்மார்க்கிகிட்ட, நான் செத்ததும் என் வயித்தை நல்லா பாரு, இது பரம்பரையா வர்றதான்னு பாத்து என் மகனுக்கு சொல்லு, அவனையாவது காப்பாத்தலாம்னு கேட்டுக்கிட்டார். கொலைன்னு உயில்ல எழுதின அதே மனுஷன், அதே மாசம், தன் பிள்ளைக்கு சொன்னது வயிறுன்னு. நான் நம்பறது இந்த ரெண்டாவது பேச்சைத்தான். உயில்ல எழுதினது உலகத்துக்கு, இது பெத்த மகனுக்கு.

மறுநாளே, மே 6ந் தேதி, வீட்ல இருந்த பில்லியர்ட்ஸ் மேஜை மேல போட்டு அறுத்து பாத்தாங்க. அறுத்தது அந்தோம்மார்க்கி, சுத்தி நின்னு பாத்தது இங்கிலீஷ் டாக்டருங்க. இரைப்பையோட உட்புறம் பெரும்பகுதி கேன்சர், இல்லன்னா கேன்சர் ஆகப்போற தடிப்பு. இரைப்பைலேருந்து குடலுக்கு போற கீழ்வாசல் பக்கத்துல, ஒரு இஞ்ச் தள்ளி, சுண்டுவிரல் போற அளவுக்கு ஓட்டை. அந்த ஓட்டைய கல்லீரல் ஒட்டிக்கிட்டு அடைச்சிருந்துது, இல்லன்னா இன்னும் முன்னாடியே போயிருப்பார். இரைப்பைக்குள்ள காப்பித்தூள் நிறத்துல திரவம், அது உள்ள ரத்தம் கசிஞ்சதுக்கு அடையாளம். கல்லீரல் பெருசா இருக்குன்னு ஒரு டாக்டர் எழுதின வரிய மட்டும் கவர்னர் அறிக்கைலேருந்து எடுக்க வெச்சார். மத்ததுல ரெண்டு தரப்பும் வயித்துலதான் நோய்னு ஒத்துக்கிட்டாங்க, பகையாளிங்க ரெண்டு பேரும் ஒரே இடத்தை காட்டினதுதான் எனக்கு இதுல பெரிய சாட்சி.

அப்புறம் ஏன் சந்தேகம் விடலன்னா, வயித்து மேல கொழுப்பு ஒன்றரை இஞ்ச் இருந்துச்சுன்னும் அதே அறிக்கைல இருக்கு. கேன்சர்னா எலும்பும் தோலுமால்ல ஆகணும்னு கேட்டாங்க. இதுக்கு சுவிட்சர்லாந்து டாக்டர் அலெஸ்ஸாந்த்ரோ லுக்லியும் கூட இருந்தவங்களும் ஒரு அருமையான வேலை பண்ணினாங்க, நெப்போலியன் போட்ட பேண்ட்டுங்க 12 எடுத்து இடுப்பை அளந்தாங்க. 1800 வாக்குல 67 கிலோ இருந்திருப்பார், 1820ல 90 கிலோ வரைக்கும் ஏறியிருப்பார், சாகறப்ப 79ன்னு கணக்கு வந்துச்சு. அதாவது கடைசி ஆறு மாசம் ஒரு வருஷத்துல 11 கிலோ போயிருக்கு. குண்டா இருந்து மெலிஞ்சவருக்கு கொழுப்பு மிச்சம் இருக்கத்தான் செய்யும். 2007ல அதே குழுவும் அமெரிக்க டாக்டருங்களும் சேந்து பழைய அறிக்கைல இருக்கற வர்ணனைய இன்னிக்கு இருக்கற கேன்சர் நோயாளிங்களோட படங்களோட ஒப்பிட்டு பாத்தாங்க, புண்ணோட நீளமே 10 செண்டிமீட்டருக்கு மேல, சாதாரண அல்சர் அவ்ளோ பெருசா வராது, இது முத்தின இரைப்பை கேன்சர்தான்னு முடிவுக்கு வந்தாங்க. இன்னிக்கு இருக்கற ஆபரேஷன் வசதி அன்னிக்கு இருந்திருந்தாலும் அந்த கட்டத்துல ரொம்ப நாள் தாங்கியிருக்க மாட்டார்.

கேள்வி: சுவர்ல ஒட்டற காகிதத்துலேருந்து விஷக்காத்து வந்து செத்தார்னு படிச்சேன். அப்படி நடக்குமா?
– கல்லூரி மாணவர், தஞ்சாவூர்

பதில்: காத்து வர்றது நடக்கும்பா. அந்த காலத்து பச்சை சாயத்துல ஆர்சனிக் உண்டு, ஷீலே பச்சைன்னு பேர். ஈரத்துல சுவர்க்காகிதத்துல பூஞ்சை புடிச்சா அது ஆர்சனிக்கை வாயுவா மாத்தி விடும்னு 19ஆம் நூற்றாண்டு கடைசில இத்தாலிக்காரர் கோசியோ கண்டுபுடிச்சார். 1982ல டேவிட் ஜோன்ஸ்னு ஒரு பிரிட்டிஷ் வேதியியல்காரர் லாங்வுட் வீட்டு சுவர்க்காகிதத் துண்டு யார்கிட்டயாவது இருக்கான்னு தேடி, ஒரு குடும்பத்து பழைய ஆல்பத்துல ஒட்டி வெச்சிருந்ததை வாங்கி டெஸ்ட் பண்ணினா உள்ள ஆர்சனிக் இருந்துச்சு. ஆனா ஆளை கொல்ற அளவு இல்ல. முடில இருந்த ஆர்சனிக்ல கொஞ்சம் இந்த வழியா வந்திருக்கலாம், அவ்ளோதான்.

கேள்வி: ஐயா, நான் ஓய்வு பெற்ற வரலாற்று ஆசிரியர். வைத்தியம் பாத்த டாக்டருங்களே கொன்னுட்டாங்கன்னு ஒரு கருத்து இருக்கறதா மாணவர் ஒருவர் சொன்னார். இதுல உண்மை உண்டா?
– வாசகர், திருவாரூர்

பதில்: உண்டு ஐயா, இதுலதான் எனக்கு ரொம்ப ஆதங்கம். நோய் கேன்சர், ஆனா அந்த கடைசி ரெண்டு நாள் வேகத்துக்கு வைத்தியம் பொறுப்பு.

வயித்துல புண்ணு, சாப்பாடு தங்கல, வாந்தி எடுத்து எடுத்து உடம்புல தண்ணியே இல்ல. அப்படிப்பட்டவருக்கு அந்தோம்மார்க்கி குடுத்தது வாந்தி வரவழைக்கற மருந்து, ஆன்டிமணி கலந்த டார்டார் எமெட்டிக், அதை எலுமிச்சை ரசத்துல கலந்து குடுத்தார், மனுஷன் தரைல உருண்டு துடிச்சிருக்கார். கூடவே எனிமா மேல எனிமா. மே 3ந் தேதி இங்கிலீஷ் ராணுவ டாக்டர் ஆர்னாட் ஒரே வேளைல 10 கிரெய்ன் கலோமெல் குடுக்க சொன்னார், அதாவது 600 மில்லிகிராமுக்கு மேல, வழக்கமான அளவை விட பல மடங்கு. கலோமெல்னா பாதரசம் சேந்த பேதி மருந்து. நெப்போலியன் மருந்தே வேண்டாம்னு சொல்ற ஆளுங்கறதால அவருக்கு தெரியாம சக்கரை தண்ணில கலந்து மார்ஷான் கையால குடுத்தாங்க. அதுக்கப்புறம் கறுப்பா தார் மாதிரி நிறைய போச்சு, மயக்கம், விக்கல், ரெண்டு நாள்ல முடிஞ்சுது.

சான்பிரான்சிஸ்கோ தடயவியல் டாக்டர் ஸ்டீவன் கார்ச் 2004ல சொன்னது இதுதான், வாந்தியும் பேதியுமா போயி ரத்தத்துல பொட்டாசியம் அடியோட இறங்கினா இதயத்துடிப்பு தாறுமாறா ஓடி நின்னுடும், அதுக்கு ஆன்டிமணியும் ஆர்சனிக்கும் துணை போகும்னு. துடிப்பு தாறுமாறா ஆச்சுங்கறதை இன்னிக்கு யாரும் நிரூபிக்க முடியாது, ஆனா கலோமெல் குடுத்ததும் உடனே சரிஞ்சதும் கூட இருந்தவங்களே எழுதி வெச்சது. நான் இதை கொலைன்னு சொல்ல மாட்டேன். ஆர்னாட்டுக்கு தெரிஞ்ச வைத்தியம் அது, அந்த காலத்துல ஐரோப்பா முழுக்க கலோமெல்தான் எல்லாத்துக்கும்.

ஆசிரியர்ங்கறதால இன்னொண்ணும் சொல்றேன். அதே காலத்துல தஞ்சாவூர்ல சரபோஜி மன்னர் தன்வந்திரி மஹால்னு ஒரு வைத்தியசாலை நடத்திக்கிட்டிருந்தார், நாட்டு வைத்தியமும் மேல்நாட்டு வைத்தியமும் ரெண்டுமே அங்க. கண் ஆபரேஷன் பண்ணினவங்களோட கேஸ் ஷீட், கண்ணோட படம் வரைஞ்சு, சரஸ்வதி மஹால் நூலகத்துல இன்னிக்கும் இருக்கு. நெப்போலியன் கேஸை 200 வருஷம் கழிச்சு நாம இப்படி பேசறதுக்கு தலைமுடியும் சுவர்க்காகிதமும் உதவினத விட, அன்னிக்கு நேர்ல பாத்தவங்க எழுதி வெச்ச அந்த சில பக்கம்தான் உதவுது. பிள்ளைங்களை ஒருநாள் சரஸ்வதி மஹாலுக்கு கூட்டிட்டு போயி அந்த கேஸ் ஷீட் பத்தி சொல்லுங்க ஐயா.

கேள்வி: 19 வருஷம் கழிச்சு தோண்டினப்ப உடம்பு அழுகாம இருந்துச்சாமே. ஆர்சனிக்னாலதானே?
– வாசகர், மன்னார்குடி

பதில்: 1840 அக்டோபர்ல பாரிசுக்கு கொண்டுபோக தோண்டினப்ப முகம் அடையாளம் தெரியற மாதிரி இருந்தது உண்மை. ஆனா அவரை தகரப்பெட்டி, மஹோகனி பெட்டி, ஈயப்பெட்டி, மறுபடி மஹோகனின்னு நாலு பெட்டிக்குள்ள மூடி, கல்லு கட்டின குழில சிமெண்ட் பூசி வெச்சிருந்தாங்க. காத்தும் தண்ணியும் போகல. அதுக்கு ஆர்சனிக் தேவையில்ல.

கேள்வி: டாக்டர், உங்க பதிலை படிச்சதுலேருந்து தூக்கமில்ல. எங்க அப்பா 52 வயசுல இரைப்பை கேன்சர்ல போனார். எனக்கு 41. அடிக்கடி நெஞ்செரிச்சல், மெடிக்கல் ஷாப்ல கேஸ் மாத்திரை வாங்கி போட்டுக்கறேன், சரியாயிடுது. நெப்போலியன் மாதிரி எனக்கும் பரம்பரையா வந்துடுமா?
– வாசகர், கும்பகோணம்

பதில்: தம்பி, முதல்ல ஒரு மூச்சு விடுங்க. அப்பாவுக்கோ அம்மாவுக்கோ கூடப்பொறந்தவங்களுக்கோ இருந்தா வாய்ப்பு மத்தவங்களை விட ரெண்டு மூணு மடங்கு கூடும்ங்கறது நிஜம், ஆனா கட்டாயம் வரும்னு அர்த்தமே இல்ல. நெப்போலியன் குடும்பத்துலயும் இது ரத்தத்துல மட்டும் வந்ததுன்னு நான் நினைக்கல. 2007 ஆய்வு பண்ணினவங்களும் ஹெலிகோபாக்டர் பைலோரிங்கற கிருமியத்தான் முக்கியமா சந்தேகப்பட்டாங்க. இது இரைப்பைக்குள்ள குடியிருக்கற கிருமி, ஒரே வீட்ல ஒருத்தர்கிட்டேருந்து ஒருத்தருக்கு சின்ன வயசுலயே தொத்தும். ஆஸ்திரேலியா டாக்டருங்க பாரி மார்ஷலும் ராபின் வாரனும் இதை கண்டுபுடிச்சதுக்குத்தான் 2005ல நோபல் பரிசு வாங்கினாங்க. 1994லயே உலக சுகாதார நிறுவனத்தோட கேன்சர் ஆய்வு அமைப்பு இதை கேன்சர் உண்டாக்கற பட்டியல்ல முதல் வகைல சேத்தாச்சு.

உங்களுக்கு நல்ல சேதி என்னன்னா நெப்போலியன் மகனுக்கு யாரும் பண்ண முடியாததை உங்களுக்கு பண்ண முடியும். அந்த பையன் பாவம் 1832ல 21 வயசுல காசநோய்ல போயிட்டான், அது வேற கதை. நீங்க பண்ண வேண்டியது, கடைல மாத்திரை வாங்கி போடறத நிறுத்திட்டு குடல் நோய் டாக்டரை பாருங்க, அப்பாவுக்கு இருந்ததை முதல் வார்த்தையா சொல்லுங்க. கேஸ் மாத்திரை எரிச்சலை அடக்கும், ஆனா உள்ள இருக்கற புண்ணையும் மறைச்சுடும், கிருமி டெஸ்ட்ட கூட இல்லன்னு காட்ட வெச்சுடும், அதனால டெஸ்ட்டுக்கு ரெண்டு வாரம் முன்னாடியே அதை நிறுத்த சொல்லுவாங்க. உங்க குடும்பக்கதைக்கு ஒரு தடவை எண்டோஸ்கோப்பி பாத்துடறது நல்லது, அதுலயே சதை எடுத்து கிருமி இருக்கான்னும் பாத்துடலாம். இருந்தா பொதுவா 14 நாள் மாத்திரை, முழுசா முடிக்கணும், நடுவுல விட்டா கிருமி மருந்துக்கு அடங்காம போயிடும். கூடப்பொறந்தவங்களையும் பாக்க சொல்லுங்க. வெயிட் தானா குறையுது, சாப்பாடு தொண்டைல நிக்குது, கறுப்பா தார் மாதிரி மோஷன் போகுது, ரத்தசோகைன்னு சொல்றாங்க, இதுல ஒண்ணு இருந்தாலும் நாளைக்கே போகணும். இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட்டாலும் கறுப்பா போகும், அதை நினைச்சு பயந்துடாதீங்க, ஆனா நீங்களா முடிவு பண்ணாம டாக்டர்கிட்ட சொல்லிடுங்க.

கேள்வி: நாங்க கடலோரம், கருவாடு இல்லாம சோறு இறங்காது. நெப்போலியன் படை உப்புக்கறி தின்னதாலதான் கேன்சர்னு ஒருத்தர் சொன்னார். கருவாட்டை விட்டுடணுமா?
– வாசகி, நாகப்பட்டினம்

பதில்: விட வேண்டாம்மா. உப்புல போட்ட சாப்பாட்டை தினமும் நிறைய தின்னா இரைப்பையோட உள்தோல் கெட்டு அந்த கிருமிக்கு வசதியாயிடும்ங்கறது உண்மை, நெப்போலியன் விஷயத்துலயும் படை முகாம்ல சாப்பிட்ட உப்புக்கறி ஒரு காரணமா இருக்கலாம்னு 2007 ஆய்வு பண்ணின டாக்டருங்க எழுதியிருக்காங்க. வாரத்துல ஒண்ணு ரெண்டு நாள், வெந்நீர்ல நல்லா ஊறவெச்சு உப்பை இறக்கி, குழம்புல தனியா உப்பு போடாம, கத்திரிக்காய் முருங்கைக்காய்னு காய் நிறைய சேத்து வைங்க. மத்த நாள்ல பச்சை மீனு. வீட்ல பிரஷர் இருக்கறவங்களுக்கு மட்டும் கருவாட்டை இன்னும் குறைச்சுக்கங்க.